தாங்கி நின்றது எது?

மதிப்பிற்குரிய ஐயா,

2022 நெருக்கடிக்குப் பிறகும் இலங்கையின் ஜனநாயக நிறுவனங்கள் பலவீனமாகவே உள்ளன என்று எழுதியிருந்தீர்கள். ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறியபோதும் இராணுவ ஆட்சி வரவில்லை. 2024இல் இரண்டு தேர்தல்கள் அமைதியாக நடந்து ஆட்சியும் மாறியது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்பவை உண்மை. அவற்றை நான் சிறிதாக எண்ணவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்த நாட்டில், எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள், இரண்டரை ஆண்டுகளுக்குள் வாக்குச்சீட்டின் வழியே ஆட்சியை மாற்றினார்கள். அந்தப் பெருமை வாக்காளருக்கு உரியது. அதை நிறுவனங்களின் கணக்கில் எழுதுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அரசியலமைப்புப் பேரவையை எடுத்துக்கொள்ளுங்கள். சுயாதீன ஆணைக்குழுக்களின் நியமனங்கள் ஜனாதிபதியின் தனி விருப்பத்தில் தங்கியிருக்கக் கூடாது என்பதற்காக 2001இல் 17ஆவது திருத்தம் அதை உருவாக்கியது. 2010இல் 18ஆவது திருத்தம் அதை நீக்கியது. 2015இல் 19ஆவது மீட்டது. 2020 ஒக்டோபரில் 20ஆவது மறுபடியும் நீக்கியது. 2022 ஒக்டோபரில் 21ஆவது மறுபடியும் மீட்டது. கடைசி இரண்டும் ஒரே பாராளுமன்றத்தின் வேலை என்பதே என்னை மிகவும் வருத்துகிறது. 156 வாக்குகளால் தகர்த்த அவையே இரண்டு ஆண்டுகள் கழித்து 179 வாக்குகளால் அதைக் கட்டியெழுப்பியது. அந்த உறுப்பினர்களுக்குப் புதிய ஞானம் பிறந்ததாக நான் நம்பவில்லை. இடையில் கொழும்பின் காலிமுகத்திடலில் ஆட்சிக்கு எதிராக மக்கள் திரண்டிருந்தார்கள், அது உறுப்பினர்களிடம் விதைத்த அச்சம் அப்போது இன்னும் ஆறவில்லை. மூன்றில் இரண்டு பெரும்பான்மை அமையும்போதெல்லாம் கழற்றி வைக்கக்கூடியதாக இருக்கும்வரை அந்தப் பேரவையை உறுதியான நிறுவனம் என்று என்னால் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் 225 ஆசனங்களில் 159ஐ வென்ற தேசிய மக்கள் சக்திக்கும் அந்தப் பெரும்பான்மை இருக்கிறது. ஆள்பவர்கள் நேர்மையானவர்கள் என்ற நம்பிக்கை, சட்டத்தின் காவலுக்கு ஈடாகாது.

நெருக்கடியே ஜனநாயகத்தை நிறுத்தி வைக்கும் காரணமாகவும் ஆக்கப்பட்டது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சி மன்றத் தேர்தல், வேட்புமனுக்கள் ஏற்கப்பட்ட பின்னர், திறைசேரியில் பணமில்லை என்று சொல்லி நிறுத்தப்பட்டது. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் திகதி. பொருளாதாரத்தைச் சீரழித்த ஆட்சியாளர்கள் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் தீர்ப்பளித்ததும் அதே நீதிமன்றம்தான் என்பதால், நிறுவனங்கள் அனைத்தும் தோற்றுவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தேர்தல் ஆணைக்குழு தனக்கு ஒதுக்கப்பட்ட நிதிக்காகத் திறைசேரியின் வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்கும்வரை, தீர்ப்புகள் காலம் கடந்தே வந்து சேரும். அந்த நிதி, யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல், சட்டப்படி தானாகவே ஆணைக்குழுவைச் சேர வேண்டும் என்பதே நான் முதலாவதாகக் கேட்கும் சீர்திருத்தம்.

மாகாண சபைகளுக்கோ, பணமில்லை என்ற காரணம்கூடத் தேவைப்படவில்லை. கடைசித் தேர்தல் 2014இல் ஊவா மாகாணத்தில் நடந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றிய சட்டமும், அதன்படி தயாரான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்ததும் சேர்ந்து, தேர்தல் நடத்த வழியே இல்லாத நிலையை உண்டாக்கின. அதைத் திருத்த மூன்றில் இரண்டு பெரும்பான்மைகூட வேண்டியதில்லை. சாதாரணப் பெரும்பான்மையே போதும்.