வாவிக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போறவங்களுக்கு: கேளுங்க, சொல்றன்

மட்டக்களப்பு வாவியோரம், பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் இருக்கிற கண்டல் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மரங்கள்) கரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வருவது எனக்குப் பல வருசப் பழக்கம். வந்த கேள்விகளுக்கு இயன்ற வரை பதில்.

ஆரையம்பதி ஆசிரியை: தரம் 7, நாற்பது பிள்ளைகள். எந்த மாதம் நல்லம்? என்ன காட்டலாம்?

கார்த்திகை, மார்கழி வேண்டாம் டீச்சர். மழைக்கு ஆறு பெருகிக் கரையே தெரியாது. மாசி நல்லம், வலசை வந்த பறவைகளும் முழுக்கத் திரும்பியிருக்காது. நாற்பது பேரையும் ஒரேயடியாய் இறக்காமல் நாலு குழுவாக்குங்கள். கண்டலில் முருங்கைக்காய் போலத் தொங்குவதைக் காட்டுங்கள். அது காயில்லை, தாய்மரத்திலேயே முளைத்த கன்று. அடுத்தது கண்ணா மரம். சேற்றுக்கு மேலே பென்சில் மாதிரிக் குத்தி நிற்பது அதன் மூச்சுவேர், மிதிக்க விடாதீர்கள். கண்ணா இலையின் அடிப்புறத்தை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியே தள்ளுகிற மரம் அது. ஆனால் மரத்தை நீங்கள் காட்டிய பிறகுதான் நாக்கு! பக்கத்திலேயே தில்லை நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

செங்கலடித் தந்தை: தில்லையை எப்படி அடையாளம் காண்பது?

உதிரப்போகும் இலை சிவந்து கிடக்கும். ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். வருகிறதா என்று ஒடித்துப் பார்க்க வேண்டாம்.

அனுமதி யாரிடம் எடுப்பது?

அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் கேளுங்கள். நான் மரம் காட்டுகிற ஆள்.

கல்முனை இளைஞர் கழகம்: பெப்ரவரி 2 ஈரநில நாளுக்கு ஆயிரம் கண்டல் கன்று நட இருக்கிறோம். எந்த இடம் தோது?

தம்பிமாரே, கோபிக்க வேண்டாம், நடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு நம் நாட்டில் கன்று நட்ட 23 இடங்களை ஆய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. கண்டல் வளராத இடத்தில், வளராத ஆழத்தில் நட்டால் வேறென்ன நடக்கும்? நீர் ஏறி இறங்க வழி இருந்து, மாடும் மனிதனும் மிதிக்காமல் விட்டால், விதை தானாக மிதந்து வந்து ஊன்றும். அன்றைக்குச் சாக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள். வேருக்குள் சிக்கிய லஞ்ச் சீற்றும் யோகட் கப்பும் பொறுக்கவே ஒரு நாள் போதாது. படம் வடிவாய் வராதுதான்.

ஏறாவூர் மாணவன்: நம் வாவியில் இரவில் மீன் பாடும் என்கிறார்களே, பாடுமா, சேர்?

பாடுவது மீனா ஊரியா (ஓட்டுக்குள் வாழும் நத்தை போன்ற உயிர்) என்று கேள், மனே. 1848இல் பிரித்தானிய ஆட்சியின் அதிகாரி எமர்சன் தெனன்ற் இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். மீனவர்கள் அவரிடம், மீனில்லை, ஊரிதான் என்றார்கள், சிப்பிகளையும் கொடுத்தார்கள். நீயும் கேட்க வேண்டுமென்றால்: மழையில்லாத மாதம், பறுவ (முழுநிலா) இரவு, காற்றில்லாத நேரம். துடுப்பின் ஒரு நுனி தண்ணீரில், மறு நுனி காதில்.

கல்லடிவாசி: அதெல்லாம் கதை. பாலத்துத் தூணில் தண்ணீர் மோதுகிற சத்தம்தான்.

கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. தெனன்ற் கேட்டது அதற்கு 76 வருசம் முந்தி. எந்தத் தூணில் மோதியது?

கல்லடிவாசி: அப்போ கரையிலுள்ள பழைய கோட்டைச் சுவரில் மோதியிருக்கும்.

சத்தம் அடியிலிருந்து வந்தது, தோணிப் பலகையில் காதை வைத்தால் கூடக் கேட்டது என்கிறார் அவர். சுவர் தோணிக்கு அடியில் இருக்காது.

காத்தான்குடி வாசகர்: பாட்டை ஊரிக்கு எழுதி வைத்துவிட்டீர்கள். மீனும்தானே சத்தம் போடும்?

போடும். சில மீன்கள் காற்றுப்பையை அதிர்த்துச் சத்தம் எழுப்பும். அதனால் நானும் ஊரிக்குச் சத்தியம் பண்ணமாட்டேன். பாலத்துக்கு மட்டும் எழுதித் தரமாட்டேன்.

பிள்ளைகள் ஆற்றில் கால் நனைக்கலாமா?

முதலை இருக்கிறது. வேண்டாம்.

எங்கள் சங்கமும் கன்று நட...

மேலே வாசியுங்கள்.

மீன் பாடுமா?

மேலே.

தரம் 5 மாணவி: சிதம்பரத்தைத் தில்லை என்பது இந்த மரத்தாலா?

அதே மரம்தான், மகள். அந்த ஊர் ஒருகாலம் தில்லைவனம். கோயிலடியில் நின்றாலும் தொடாதே.