அப்பாவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. பையனுக்கு மட்டும் ஜி6பிடி குறைபாடு எப்படி?

கேள்வி: பினாங்கு, ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். போன மாதம் பையன் பிறந்தான். தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஜி6பிடி குறைபாடு என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். எனக்கும் கணவருக்கும் அப்படி ஒன்றும் கிடையாது. "எங்க பரம்பரையிலேயே இது இல்லையே" என்கிறார் மாமியார். பிறகு எப்படி வந்தது? அடுத்த பிள்ளைக்கும் வருமா?

பதில்: மாமியார் சொல்வதில் பாதி சரி. பையனுக்கு இது அப்பாவிடமிருந்து வர வழியே இல்லை. அதற்காக உங்கள் மேல் பழி போடவும் நியாயமில்லை. எந்தக் குரோமோசோம் பிள்ளைக்குப் போகும் என்பது யார் கையிலும் இல்லை.

ஜி6பிடி என்பது சிவப்பணுக்கள் சிதையாமல் காக்கும் ஒரு நொதி. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள்தாம் அல்லீல்கள். ஓங்கு அல்லீல் ஒன்று இருந்தாலே அதன் பண்பு வெளியே தெரியும். ஒடுங்கு அல்லீல் தெரிய வேண்டுமானால் இரண்டும் அதுவாகவே இருக்க வேண்டும். பள்ளியில் படித்த இந்தக் கணக்கு ஆணிடம் செல்லாது. அவனுக்கு இருப்பதே ஓர் எக்ஸ், அதுவும் அம்மா கொடுத்தது. அது பழுதாக இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. அப்பா கொடுத்த ஒய்யில் இந்த மரபணு இல்லை.

ஆக, நீங்கள் அநேகமாக ஒரு கேரியர், அதாவது உங்கள் இரண்டு எக்ஸில் ஒன்றில் பழுதான மரபணுவைச் சுமப்பவர். புதிதாக மரபணு மாறி வருவதும் உண்டு, ஆனால் அபூர்வம். "எனக்கு டெஸ்ட் நார்மல்" என்று வந்தாலும் அதை முழுதாக நம்ப முடியாது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஏதாவது ஓர் எக்ஸ் ஓய்ந்துவிடும். 1961-இல் மேரி லயன் என்ற மரபியலாளர் சொன்ன விஷயம் இது. அதனால் கேரியர் பெண்ணின் உடம்பில் நல்ல சிவப்பணுவும் குறையுள்ள சிவப்பணுவும் கலந்தே ஓடும். நல்லது அதிகமாக இருந்தால் சாதாரண சோதனையில் குறை பிடிபடாது. குறையுள்ளது அதிகமானால் கேரியருக்கே பாதிப்பு தெரியலாம். ஒடுங்கு அல்லீல் எப்போதும் ஒடுங்கியே இருக்கும் என்பதில்லை.

அடுத்த பிள்ளை பையன் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண் என்றால் பாதிக்குப் பாதி உங்களைப் போல் கேரியர். முதல் பையனுக்கு வந்துவிட்டது, அடுத்தவன் தப்பிவிடுவான் என்ற கணக்கெல்லாம் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சீட்டுப் போடுகிறார்கள். இன்னொன்று: கணவர் சோதித்துப் பார்த்தாரா? குறைபாடு உள்ள பலர் அது தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். அவருக்கும் இருந்தால், பிறக்கும் பெண்கள் அத்தனை பேரும் அவருடைய எக்ஸை வாங்குவார்கள்; உங்களிடமிருந்தும் பழுதான எக்ஸ் சேர்ந்தால் பெண்ணுக்கும் முழுக் குறைபாடுதான். நம் ஆட்களிடம் தாய்மாமன், மாமன் மகள் உறவில் கல்யாணம் இன்னும் நடக்கிறது. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே இந்துக்களுக்கு அக்காள், தங்கை மகளைக் கட்ட விலக்கு தருகிறது. அப்படிப்பட்ட குடும்பத்தில் இரு பக்கமும் ஒரே அல்லீல் வந்து சேர வாய்ப்பு கூடும். உங்கள் அப்பாவையும் அண்ணன் தம்பிகளையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? இது வாழ்நாள் முழுவதும் இருக்கும், மருந்து கிடையாது. ஆனால் தூண்டிவிடும் பொருள்களைத் தவிர்த்தால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்வான். முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள். உபாட் கெகாட் என்று வாங்கிப் போடும் அந்துருண்டையில் நாப்தலீன் இருக்கலாம். பாட்டி பத்திரமாக மடித்து வைத்த பழைய நூல் சேலையை எடுத்து அப்படியே தூளி கட்டுவோம். அந்த வாசனைதான் ஆபத்து. உருண்டைகளைத் தூக்கி எறியுங்கள். அதோடு இருந்த துணி குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கை காலில் மருதாணி வைப்பதும் கூடாது. குழந்தைகளுக்கு இதனால் இரத்தம் சிதைந்திருக்கிறது. காச்சாங் பாராங் (ஃபாவா பீன்ஸ்) பிள்ளைக்கு ஆகாது, பால் கொடுக்கும் வரை உங்களுக்கும் ஆகாது. நம் அவரை, மொச்சை, பருப்பு வேறு இனம், அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சீன வைத்தியர் சின்சேயிடமோ நாட்டு வைத்தியரிடமோ உள்ளுக்கு எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். எந்த கிளினிக் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், முதலில் அட்டையைக் காட்டுங்கள். காய்ச்சலுக்கு வழக்கமான அளவில் பாராசிட்டமால் தரலாம்; மலேரியாவுக்கான பிரிமாக்குவின், தொழுநோய்க்கான டாப்சோன் போன்றவைதாம் சிக்கல்.

திடீரென்று முகம் வெளிறினால், கண் மஞ்சளித்தால், சிறுநீர் தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போனால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

அடுத்த பிரசவத்துக்குப் பதியும்போதே மூத்தவனின் அட்டையைக் காட்டிவிடுங்கள். பிறந்த முதல் வாரத்தில் மஞ்சள்காமாலை ஏறினால் மூளையைப் பாதிக்கலாம், அதனால்தான் வார்டில் வைத்துப் பார்க்கிறார்கள். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) தூக்கிக்கொண்டு போய், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள்.