வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான்

கேள்வி: எனக்கு வயது 43. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். 12 நாள்களுக்கு முன் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்து சட்டை நனைந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் வாய் வலது பக்கம் கோணியிருந்தது, இடது கண் மூடவில்லை. பக்கவாதமோ என்று பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ‘பெல்ஸ் பால்சி’ (முக நரம்பு வாதம்) என்று சொல்லி 10 நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை முடிந்தும் முகம் அப்படியேதான் இருக்கிறது. கண் கொஞ்சம் உறுத்துகிறது. எனக்கு இனிப்பு நீர் உண்டு. ஏர்கான் காற்று காதில் அடித்ததால் வந்தது என்கிறார் மாமியார். கணவர் தினமும் பலூன் ஊதச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கரண்ட் வைக்கும் சின்ன மெஷின் ஒன்றைத் தந்திருக்கிறார். ஆறு வாரத்தில் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் முகம் சரியாகிவிடுமா?

பதில்: வாயைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் விரிவாக எழுதிய நீங்கள், கண்ணைப் பற்றி ‘கொஞ்சம் உறுத்துகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கவலை தருகிறது. வாய் கோணியிருப்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை, காத்திருக்கலாம். கண்ணை அப்படி விட முடியாது. மூடாத கண்ணின் கருவிழி காய்ந்தால் கீறல் விழலாம். அதில் புண் வந்து தழும்பாகிவிட்டால், முகம் முழுக்கச் சரியான பிறகும் பார்வை மங்கலாகவே நின்றுவிடலாம். முகத்தசைப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ‘சிரியுங்கள்’ என்று சொல்வதில்லை, ‘கண்ணை மூடுங்கள்’ என்றுதான் சொல்வேன்.

நீங்களும் இப்போதே வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்து, கண்ணை மெதுவாக மூடிக் காட்டுங்கள். இடது இமை பாதியில் நின்று, கருவிழி மேலே உருண்டு, வெள்ளை மட்டும் ஒரு கீற்றாகத் தெரிகிறதா? அப்படியென்றால் தூக்கத்திலும் அந்தக் கண் திறந்துதான் கிடக்கிறது. ‘கண்ணில் எப்போதும் தண்ணீர் வடிகிறதே, எப்படிக் காயும்?’ என்று பலர் கேட்பார்கள். கீழ் இமை தளர்ந்து, இமைப்பதும் நின்றுவிட்டதால் கண்ணீர் கண் முழுவதும் பரவாமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. கண்ணோ காய்ந்து போகிறது.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விடுங்கள். அத்தனை தடவை விடுவதால், பிரிசர்வேட்டிவ் கலக்காத, ஒரு நாள் பயன்படுத்தி எறியும் சின்னக் குப்பிகளாகக் கேட்டு வாங்குங்கள். இரவில் கண்ணுக்கான களிம்பைக் கீழ் இமைக்குள் இட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். தோலில் பிசுக்கு இருந்தால் டேப் ஒட்டாது. கீழே பார்த்தபடி, விரலின் பின்பக்கத்தால் மேல் இமையை இறக்கி மூடுங்கள். பிறகு காகித டேப் ஒன்றை மேல் இமையிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்துக் கன்ன எலும்பு வரை ஒட்டுங்கள். இடைவெளி இருக்கிறதா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்மேல் பஞ்சு வைத்துக் கட்டவே வேண்டாம். உள்ளே இமை திறந்துகொண்டால் பஞ்சு கருவிழியில் உராயும். பகலிலும் ஞாபகம் வரும்போதெல்லாம் விரலால் இமையை மூடி மூடித் திறங்கள். இமைக்கிற வேலையைக் கொஞ்ச நாளைக்கு உங்கள் விரல்தான் பார்க்க வேண்டும்.

உறுத்தல் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால் இந்த வாரத்துக்குள் ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சத்தைப் பார்த்தால் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். வெளியே போகும்போது பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி அணியுங்கள், புகைமூட்ட நாள்களில் இது இன்னும் முக்கியம். முகத்தை மறைக்கப் பலர் முகக்கவசம் போட்டுக்கொள்கிறார்கள். போடலாம். ஆனால் மேல் விளிம்பு தளர்ந்திருந்தால் மூச்சுக்காற்று நேராகக் கண்ணுக்கு ஏறி இன்னும் காயவைக்கும். மூக்கின் மேல் விளிம்பைத் தோலோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

மாமியார் சொன்னதும் இங்கேதான் பொருந்துகிறது. ஏர்கான் காற்று பட்டு இந்த நோய் வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் வந்த பிறகு, முகத்துக்கு நேரே வீசும் ஏர்கானும் மின்விசிறியும் கண்ணுக்கு எதிரிதான். அதனால் அவருடைய பேச்சைக் கேட்டு, படுக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் காற்று நேராக வராத இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள்.

சரி, முகத்துக்கு வருவோம். மூளையிலிருந்து முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பு, காதுக்குப் பின்னால் எலும்புக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய குழாய் வழியாக வருகிறது. அதன் மிகக் குறுகலான இடம் 1 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. நரம்பு வீங்கினால் விரிய இடமில்லை, அந்த எலும்புக்குள்ளேயே நசுங்கிவிடுகிறது. உடம்பில் பல வருஷமாக அடங்கிக் கிடந்த ஹெர்பீஸ் வைரஸ் மறுபடி விழித்துக்கொள்வதுதான் வீக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும், பேறுகாலத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் பெல் 1821-இல் இந்த நரம்பின் வேலையை விளக்கி எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

பக்கவாதம் என்று பயந்து ஓடினீர்களே, அது முற்றிலும் சரி. பொதுவாகப் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும், ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது. உங்களுக்கு நரம்பே அடைபட்டதால் நெற்றியும் சேர்ந்து அசையாமல் நிற்கிறது. ஆனால் இதை வைத்து வீட்டில் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. திடீரென முகம் கோணினால், அதிலும் கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ, ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைப்பதுதான் முறை. காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ கொப்புளங்கள் வந்திருந்தால் அது வேறு வகை, அக்கி வைரஸால் வருவது. இதுவரை காதைப் பார்க்கவில்லை என்றால் இன்றைக்கே வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். ஸ்டீராய்டு நரம்பின் வீக்கத்தைக் குறைக்கத்தான். முகத்தை அன்றைக்கே அசைய வைப்பது அதன் வேலை இல்லை. முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும், நீங்கள் முதல் நாளே போய்விட்டீர்கள். ஸ்காட்லாந்தில் நடந்து 2007-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 83 சதவீதத்தினர் மூன்று மாதத்திலும், 94 சதவீதத்தினர் ஒன்பது மாதத்திலும் முழுமையாகக் குணமாகியிருந்தார்கள். எடுக்காதவர்களிலும் ஒன்பது மாதத்தில் 82 சதவீதத்தினருக்குச் சரியானது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். அதனால் இந்த வாரம் விரலில் குத்திப் பாருங்கள், இறங்காமல் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

ஆறு வாரத்தில் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் முதல் அசைவு வந்துவிடும். உங்களுக்கு 12 நாள்தான் ஆகிறது. நரம்பு நசுங்கியதோடு நின்றிருந்தால் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். உள்ளிழைகள் அழிந்திருந்தால் மறுபடி வளர வேண்டும், அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். அப்படியானால் மாதக்கணக்கு ஆகும். எது என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தேதி குறித்துக் கொடுக்கிறவர்களை நம்பாதீர்கள்.

பலூனும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். உங்கள் கணவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் இழுத்துப் பிடித்து ஊதும்போது வேலை செய்வது உங்கள் வலது கன்னம்தான். அது இன்னும் பலமாகி வாயைத் தன் பக்கம் இழுக்கும், இடது பக்கம் சும்மாவே இருக்கும். சூயிங் கம் மெல்வதும் பயனில்லை. மெல்லும் தசைக்கு வேறு நரம்பு, அது உங்களுக்கு நன்றாகவே இருக்கிறது. கரண்ட் மெஷினால் முகம் சீக்கிரம் திரும்பும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. தசைகளை ஒட்டுமொத்தமாகத் துடிக்க வைப்பதை, நுணுக்கமாக அசைய வேண்டிய முகத்துக்கு நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அக்காவுக்கு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். காலையும் மாலையும் ஐந்து நிமிடம், சுத்தமான விரல்களால் இடது கன்னத்தை வாய் ஓரத்திலிருந்து காதை நோக்கி மெதுவாகத் தடவி ஏற்றுங்கள். பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து, வலது கன்னத்தை உள்ளங்கையால் அடக்கிப் பிடித்துக்கொண்டு, இடது வாய் ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கிவிட்டபடி சிரிக்க நினையுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது, பரவாயில்லை. அசைவு வரத் தொடங்கிய பிறகு விரலின் உதவியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு அசைவையும் நாலைந்து தடவை, சின்னதாக, நிதானமாகச் செய்தால் போதும். முகம் களைத்தால் நிறுத்திவிடுங்கள்.

அவசரப்படக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக வளரும் நரம்பிழைகள் சில சமயம் வழி மாறி வேறு தசைக்குப் போய்விடும். அப்போது சிரித்தால் கண் சுருங்கும், கண்ணை மூடினால் வாய் ஓரம் இழுக்கும். சிலருக்குச் சாப்பிடும்போது கண்ணீர் வழியும். முகத்தை வலுக்கட்டாயமாக இழுத்துப் பயிற்சி செய்தால் இந்தச் சேர்ந்திழுப்பு பழக்கமாகப் பதிந்துவிடும் என்பது எங்கள் துறையில் பலருடைய அனுபவம். மூன்று நான்கு மாதம் கழித்து அப்படி ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பயிற்சியாலும், தேவைப்பட்டால் போடாக்ஸ் ஊசியாலும் அதைக் குறைக்க முடியும்.

சாப்பாட்டில் சோறு இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. சாப்பிட்டதும் விரலை விட்டு வழித்து, வாயைக் கொப்பளியுங்கள். இல்லையென்றால் பல் கெடும், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஈறும் சீக்கிரம் கெடும். இட்லி, தயிர் சாதம், மீன் பொரிட்ஜ் போல மெத்தென்று இருப்பதைச் சின்ன வாயாக எடுங்கள். ரசத்தையும் டீயையும் சிறிய குவளையில் வலது ஓரமாகக் குடியுங்கள், இடது உதட்டு ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டால் வழியாது. சம்பல் தொட்ட கையால் இமையைத் தொட்டுவிடாதீர்கள். டீ வாயில் தகரம் போல ருசித்தாலோ, உணவங்காடித் தட்டுச் சத்தம் இடது காதில் அறைந்தாலோ பயப்பட வேண்டாம். நாக்கின் முன்பக்க ருசியும், சத்தத்தை அடக்கும் காதின் சின்னத் தசையும் இதே நரம்பைச் சேர்ந்தவை.

வேலைக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போக யோசிப்பீர்கள். கண் பத்திரமாக இருக்கிறது, மங்கலாகத் தெரியவில்லை என்றால் போகலாம். உதடு சேராததால் ‘ப’வும் ‘ம’வும்தான் தடுக்கும். ‘அம்மா’, ‘பாப்பா’, ‘மாம்பழம்’ என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் உங்களுக்கு அது சிரமம்தான். இடது கன்னத்தை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெளிப்படையாகக் கேட்பார்கள், “டீச்சர், ஏன் ஒரு கண்ணு மட்டும் சிமிட்டுறீங்க?” என்று. “டீச்சரோட இந்தக் கன்னம் தூங்குது, மெதுவா எழுந்திரிக்கும்” என்று சொல்லுங்கள், அவர்களுக்கு அது போதும். பெரியவர்களிடம் முதல் நாளே நீங்களாகவே சொல்லிவிடுவது நல்லது. மூலையில் பேசிக்கொள்வது பாதி குறைந்துவிடும். கண்ணாடியைப் பார்த்து அழுகை வருவதும் இயல்பு. நம் முகத்தையே நமக்கு அடையாளம் தெரியாமல் போவது சின்ன விஷயம் இல்லை. தூக்கம் போய், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் வாரங்கள் நீண்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்று வாரம் முடிந்தும் துளி அசைவுகூட இல்லை என்றால் மறுபடி காட்டுங்கள். மூன்று மாதத்தில் முழுதாகச் சரியாகவில்லை என்றால் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இடையில் நிலைமை மோசமாகிக்கொண்டே போனாலோ, வேறு இடத்தில் மரத்துப்போனாலோ காத்திருக்கக் கூடாது.

கல்யாணத்துக்குக் கட்டாயம் போங்கள். போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்ல பக்கமாகக் கொஞ்சம் திரும்பி நிற்க இடம் பார்த்துக் கொடுப்பார். அக்கா என்ற முறையில் உங்களை மணவறைக்குப் பக்கத்திலேயே உட்கார வைப்பார்கள், ஆனால் ஹோமப் புகை வரும் பக்கத்தில் உட்காராதீர்கள். கைப்பையில் சொட்டு மருந்துக் குப்பி நாலு இருக்கட்டும். குங்குமம் வைக்க யாராவது வந்தால், விரலால் இடது இமையை மூடிப் பிடித்துக்கொண்டு நெற்றியைக் காட்டுங்கள். தூள் உள்ளே விழுந்துவிட்டால் தேய்க்காமல், குப்பியைத் திறந்து கழுவிவிடுங்கள்.