செல்போனைப் பிடுங்கிவிட்டால் பிள்ளைக்குப் பாதுகாப்பா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பள்ளியில் 'குட் டச், பேட் டச்' பற்றி ஒரு மணி நேர வகுப்பு நடத்தினார்கள். செல்போன் விளையாட்டின் சாட்டில் முகம் தெரியாத ஒருவர் அவளோடு நாள்தோறும் பேசுவதை அண்மையில் கவனித்தேன். அந்த வகுப்பே போதுமா, அல்லது செல்போனை வாங்கி வைத்துவிடலாமா? – ஒரு தாய், ஈரோடு.

பதில்: வகுப்பால் பயன் உண்டு, ஆனால் அது மட்டும் போதாது. மருத்துவ, சுகாதார ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இத்தகைய பள்ளி வகுப்புகளைப் பற்றிய 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது; 5,802 பேர் அவற்றில் பங்கேற்றிருந்தனர். பிள்ளைகளின் புரிதல் கூடுகிறது, பெற்றோர் அஞ்சுவதுபோல் அவர்கள் மிரண்டுபோவதில்லை என்று தெரியவந்தது. ஆனால் வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளுக்குப் பின்னாளில் பாலியல் துன்புறுத்தல் நேர்வது குறைந்ததா என்பதற்கு அவற்றில் விடை கிடைக்கவில்லை. இணையவழி வன்முறைத் தடுப்பு பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கையோ, 'அந்நியரிடம் பேசாதே' என்பதோடு நின்றுவிடாமல், தெரிந்தவர்களாலும் சம வயதினராலும் வரும் ஆபத்தையும் பலமுறை எடுத்துச் சொல்லும் பாடத்தையே பரிந்துரைக்கிறது. நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், பாலியல் வன்முறை செய்தவர் பாதிக்கப்பட்டவருக்குத் 'தெரிந்தவர்' என்ற கணக்கில் இணைய நண்பரையும் சேர்த்திருப்பது இங்கே கவனிக்கத்தக்கது. மூன்று வாரம் சேர்ந்து விளையாடியவரைப் பிள்ளை அந்நியராக நினைப்பதே இல்லை.

ஆகவே, அவர் யார் என்பதைவிட என்ன கேட்கிறார் என்பதைப் பாருங்கள். விளையாட்டுக் காசு பரிசாகத் தருவது, 'வாட்ஸ்அப்புக்கு வா' என்பது, 'அம்மா உன் போனைப் பார்ப்பாங்களா?' என்று விசாரிப்பது, 'இது நமக்குள்ளேயே இருக்கட்டும்' என்பது ஆகியவை படம் கேட்பதற்கு முந்தைய படிகள். படம் கைக்குப் போன பிறகு, 'வீட்டில் சொன்னால் உனக்குத்தான் அடி விழும்' என்பதே மிரட்டலாகிவிடும். செல்போனைப் பிடுங்கினால் அந்த மிரட்டலை நாமே மெய்யாக்கியவர்கள் ஆவோம் என்பது என் கருத்து. 'எது நடந்திருந்தாலும் சொல்லு, திட்டமாட்டேன், போனையும் வாங்கமாட்டேன்' என்று இன்றே சொல்லுங்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். இரவில் செல்போன் எல்லோருடையதும், உங்களுடையது உட்பட, கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும்.

அவர் படம் கேட்டிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ சாட் பதிவை அழிக்காதீர்கள். கணக்கின் பெயரும் பேச்சும் தெரியுமாறு ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். மகளின் அந்தரங்கப் படம் இருந்தால், உதவி கேட்பதற்காகக்கூட அதை எவருக்கும் அனுப்ப வேண்டாம், உறவினருக்கும் கூடாது; குழந்தையின் அத்தகைய படத்தைப் பகிர்வது சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், அல்லது மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். பெயர் சொல்லாமலும் அங்கே இவ்வகைப் புகாரைத் தரலாம். படம் வெளியே பரவும் என்ற அச்சம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உதவும்: படம் உங்கள் செல்போனிலேயே இருக்கும், அதிலிருந்து உருவாக்கப்படும் எண் அடையாளம் மட்டுமே அதில் இணைந்துள்ள தளங்களுக்குச் செல்லும்.