இருநூறு ஆண்டு கண்ட ஓர் ஊர்ச் சங்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (திருச்சி வாசகர்): என் மகள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் படிக்கிறாள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கும் ரோமானியக் கல்வெட்டுகளில் பல, இருநூறு ஆண்டு நிறைந்த ஓர் உள்ளூர்ச் சங்கம் சேர்த்தவை என்று எழுதியிருந்தாள். அரசுத் துறை செய்ய வேண்டிய வேலையில் ஓர் ஊர்ச் சங்கம் அப்படி என்ன செய்துவிட முடியும்?

பதில்: தங்கள் மகள் குறிப்பிடுவது நியூகாசில் தொல்பொருள் ஆர்வலர் சங்கம். 1813-இல் தொடங்கிய இச்சங்கம் 2013-இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் தோன்றிய இவ்வகைச் சங்கங்களில் இதுவே மூத்தது எனப்படுகிறது. இதை வளர்த்தவர்கள் புத்தக வணிகர்கள், வழக்கறிஞர்கள், பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள் போன்றோர். தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அந்தக் காலத்தில் அங்கே இல்லை.

அவர்களுடைய வாசலிலேயே இருந்தது ஏட்ரியன் சுவர். கி.பி. 122-இல் கட்டத் தொடங்கப்பட்ட இந்த ரோமானிய எல்லைச் சுவர், கடலுக்குக் கடல் ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீளமுடையது. இன்று அதைப் பேரரசன் ஏட்ரியனின் பெயரால் அழைக்கிறோம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, கற்சுவரைக் கட்டியவன் அவனுக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிந்தைய பேரரசன் செவரஸ் என்றும், ஏட்ரியனுக்கு உரியது தெற்கே உள்ள மண்மேடு மட்டுமே என்றும் கற்றவர்கள் நம்பினார்கள். பழைய லத்தீன் ஆசிரியர்களின் கூற்றுகளே அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். 1840-இல் இதை மறுத்து, சுவரும் மண்மேடும் ஏட்ரியன் காலத்தவையே என்று வாதிட்டவர், இச்சங்கத்தின் தொடக்கக்கால உறுப்பினரும் கிராமப்புறப் பாதிரியாருமான ஜான் ஆட்சன்.

நூல்கள் சொல்வதைக் கல்லோடு ஒத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கல்லையே காட்டலாம். சுவரில் ஒரு ரோமானிய மைலுக்கு ஒன்றாகச் சிறு கோட்டைகள் இருந்தன. அவற்றுள் 38-ஆம் எண் கோட்டையில் கிடைத்த பலகைக் கல் இப்போது தங்கள் மகள் பார்த்த நகரிலேயே, கிரேட் நார்த் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் இருப்பவை நான்கே வரிகள்: பேரரசன் ஏட்ரியனின் பெயர், கட்டிய இரண்டாம் லீஜியன் படையின் பெயர், அப்போதைய ஆளுநர் பிளட்டோரியஸ் நெபோஸின் பெயர், அவருடைய பதவி. நம் கல்வெட்டுகளில் அரசன் பெயரும் அதிகாரி பெயரும் சேர்ந்து வந்தால் காலத்தை எவ்வளவு நெருக்கமாகக் கணிக்க முடிகிறதோ, அதே பயன் இங்கும் கிட்டுகிறது. நெபோஸ் ஆளுநராக இருந்தது 122-ஐ ஒட்டிய சில ஆண்டுகளே. ஆகவே அந்தக் கோட்டை செவரஸ் காலத்தது ஆகாது.

சங்கம் நிலைத்ததற்கு நான் முதன்மையாகக் கருதும் காரணம், அது கண்டதையெல்லாம் அச்சில் ஏற்றியதுதான். அதன் ஆய்விதழான ‘ஆர்க்கியாலஜியா ஏலியானா’வின் முதல் தொகுதி 1822-இல் வெளிவந்தது, இன்றும் வெளிவருகிறது. தலைவர்கள் மாறினாலும், உறுப்பினர்கள் மறைந்தாலும், எந்தக் கல் எந்த வயலில் கிடைத்தது என்ற குறிப்பு அச்சில் இருக்கிறது; அடுத்து வருபவர் அந்த இடத்திலிருந்து தொடங்க முடிகிறது.

பணமும் மனமும் உள்ள உறுப்பினர்களும் அமைந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1745-இல் ஸ்காட்லாந்தில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின், படைகள் செல்வதற்கான சாலை போடப்பட்டபோது பல மைல் தொலைவுக்குச் சுவர் இடிக்கப்பட்டு, அதன் கற்களே சாலைக்கு அடித்தளமாயின. எஞ்சியதையும் உழவர்கள் வேலி கட்ட எடுத்துச் சென்றுகொண்டிருந்தார்கள். நகராட்சிச் செயலராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய ஜான் கிளேட்டன், 1830-கள் முதல் சுவர் ஓடும் நிலங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி அந்த அழிவைத் தடுத்தார். சுவரின் நடுப்பகுதி இன்று இத்தனை உயரத்தில் நிற்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி (மதுரை வாசகி): அந்தச் சுவருக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை அறிஞர்கள் ‘யாத்திரை’ போவதாகப் படித்தேன். அது சமயச் சடங்கா?

பதில்: சமயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜான் காலிங்வுட் புரூஸ் என்ற நியூகாசில் பள்ளி ஆசிரியர் 1848-இல் ரோமுக்குப் போக எண்ணியிருந்தார். ஐரோப்பாவில் புரட்சிகள் வெடித்ததால் பயணத்தைக் கைவிட்டு, ஏட்ரியன் சுவரைச் சுற்றிப் பார்த்து, அதைப் பற்றி நகரில் சொற்பொழிவாற்றினார். இத்தனை பெரிய சின்னம் அருகிலேயே இருக்கிறது என்பதைக் கேட்டவர்களால் நம்ப முடியவில்லை. அதனால் 1849-இல் அவர்களையே அழைத்துக்கொண்டு சுவர் நெடுகச் சென்றார். இரண்டாம் யாத்திரையை 1886-இல் நியூகாசில் சங்கம், அண்டை மாவட்டமான கம்பர்லாந்தின் தொல்லியல் சங்கத்தோடு சேர்ந்து நடத்தியது. உலகப் போர்களால் முறை தவறியபோதும், 1949-இல் முதல் யாத்திரையின் நூற்றாண்டை ஒட்டி மீண்டும் தொடங்கி, அதன்பின் பத்தாண்டு தவறாமல் நடந்து, 2019-இல் பதினான்காவது யாத்திரை நிறைவேறியது. கடந்த பத்தாண்டில் அகழ்ந்து அறிந்தவற்றைத் தொகுத்து யாத்திரைக்கென்றே கையேடு அச்சிடுகிறார்கள். பழைய முடிவுகளை அந்த இடத்திலேயே நின்று மறுத்துப் பேசவும் அங்கே இடமுண்டு. இதைவிடப் பொருத்தமான ஆண்டுவிழா ஒன்றை ஒரு வரலாற்றுச் சங்கத்துக்கு என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

கேள்வி (கரூர் வாசகர்): ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் வரலாற்றுக் குழுவுக்கு அடுத்த ஆண்டு வெள்ளி விழா. விழா மலர் வெளியிடுவதோடு வேறு என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மலரைப் பற்றியே சொல்கிறேன். வாழ்த்துரைகளும் நிழற்படங்களும் முதல் நாற்பது பக்கங்களை எடுத்துக்கொள்ளும் மலரை, விழா முடிந்தபின் எவரும் புரட்டுவதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் தங்கள் குழு கண்ட நடுகற்கள், கல்வெட்டுகள், சுமைதாங்கிக் கற்கள், கோயில் சிற்பங்கள் அனைத்துக்கும் ஊர், புல எண், அளவு, நிழற்படம், வாசகம், கண்டறிந்த நாள் ஆகியவற்றோடு ஒரு பட்டியல் வெளியிட்டால், அதுவே ஐம்பது ஆண்டுக்குப் பயன்படும். நாளிதழ்ச் செய்தியாக மட்டும் வந்து மறைந்த கண்டுபிடிப்புகள் நம் மாவட்டங்களில் ஏராளம். செய்தியில் கல்வெட்டின் முழு வாசகம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன், பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லையும் உறுப்பினர்கள் பகுதி பிரித்துக்கொண்டு மறுபடி நேரில் பார்க்க வேண்டும். சாலை விரிவாக்கத்திலும் கோயில் திருப்பணியிலும் இடம் மாறியவை, மண்ணில் புதைந்தவை, காணாமலே போனவை அப்போதுதான் தெரியவரும். இதைத் தங்கள் குழுவின் யாத்திரை என்றே கொள்ளலாம். எழுத்து மங்கியிருந்தால் சுண்ணக்கட்டியோ பெயின்ட்டோ பூசாதீர்கள். மாலையில் பக்கவாட்டிலிருந்து கைவிளக்கின் ஒளி விழும்படி படம் எடுத்தாலே பல எழுத்துகள் துலங்கும். பழக்கமுள்ள ஒருவரை அழைத்து, கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் நன்கு படிந்தபின் மை ஒற்றி மைப்படி எடுப்பது இன்னும் நம்பகமானது. மாணவர்கள் அருகிலிருந்து கற்றுக்கொள்ளவும் அது நல்ல வாய்ப்பு.

புதிய வாசகங்கள் கிடைத்தால் மலரோடு நிறுத்திக்கொள்ளாமல், தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ இதழுக்கும் அனுப்புங்கள். தங்களைப் போன்ற மாவட்ட ஆர்வலர்கள் படித்தளித்த கல்வெட்டுகள் பல அதில் பதிவாகியுள்ளன.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்: ஆர்வத்தில் மண்வெட்டியை எடுத்துவிடக் கூடாது. அகழாய்வுக்கு முறையான அனுமதி வேண்டும். அனுமதியின்றித் தோண்டிய குழியில் மண்ணடுக்குகள் கலைந்துவிட்டால், கிடைத்த பானை ஓட்டின் காலத்தை எவராலும் சொல்ல முடியாது. வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ ஏர் உழும்போதோ நாணயங்களும் சிலைகளும் தற்செயலாகக் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் அச்சத்தால் மறைத்துவிடுவதும் உண்டாகையால், கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் தகவல் தருவதற்கு உடன் செல்லும் பொறுப்பைத் தங்கள் உறுப்பினர் இருவரிடம் ஒப்படைத்து, அவர்கள் பெயரை விழா அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள்.