என்.வி.கியூ சான்றிதழ் என்றால் என்ன? வேலைக்கு அது எப்படி உதவும்?

இலங்கையில் ஒருவருக்கு ஒரு தொழில் எவ்வளவு தெரியும் என்பதை நாடு முழுக்க ஒரே அளவுகோலால் அளந்து கொடுப்பதுதான் என்.வி.கியூ, அதாவது தேசிய தொழிற் தகைமை. மொத்தம் 7 மட்டங்கள்: 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம்.

ஏன் இது தேவை? ஒவ்வொரு பயிற்சி நிலையமும் தன்பாட்டில் சான்றிதழ் கொடுத்தால், அதை வைத்திருப்பவருக்கு உண்மையில் வெல்டிங் வருமா என்று முதலாளிக்கு எப்படித் தெரியும்? அதனால் அந்த வேலைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று தொழில்துறையினரோடு சேர்ந்து முதலில் தீர்மானிக்கிறார்கள். பாடத்திட்டமும் மதிப்பீடும் அதைப் பார்த்துத்தான் அமைகின்றன.

சாரதி அனுமதிப்பத்திரம் மாதிரி என்று வையுங்கள். அப்பா ஓட்டப் பழக்கினாரா, பயிற்சிப் பள்ளியா என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டிக் காட்டினால் சரி. இதிலும் அப்படி ஒரு வழி உண்டு. பல வருடம் கராஜில் கைவேலையாகவே பழகிய மெக்கானிக், வகுப்புக்குப் போகாமல், மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் எடுக்கலாம். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

அப்புறம், இது "ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) தவறியவர்களுக்கான படிப்பு" என்று நினைப்பது தவறு, ஏ.எல். (உயர்தரம்) முடித்தவர்களும் சேரலாம், பட்டம் வரை போகலாம்.