வேப்பிலை கட்டிய கோழிக்கூண்டு

அன்புள்ள சார்,

உங்கள் கோழிக் கட்டுரைகளை விடாமல் படிப்பவள் நான். எங்கள் வீடு புது வண்ணாரப்பேட்டையில். மாமனார் காலத்து ஓட்டு வீடு என்பதால் பின்பக்கம் கொஞ்சம் மண்தரை மிச்சம் இருக்கிறது. ஒன்பது பெட்டை, ஒரு சேவல், ஆறு குஞ்சு. கோழிகளால் ஒரு தொல்லையும் இல்லை. பார்க்க வருகிறவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. நாத்தனார் மகன் வந்தால் குஞ்சைக் கீழேயே விடமாட்டான். தெருப் பையன்கள் வருகிறார்கள், மீந்த சாதத்தோடு பாட்டிமார் வருகிறார்கள், சேவலை விலைக்குக் கேட்டு யார் யாரோ வருகிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் மனசு நோகும். எதிர்வீட்டுக்காரரோ சேவல் நாலு மணிக்கே கூவுகிறது என்று சண்டைக்கு வருகிறார். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஒரு நாள் நீங்களும் வந்து எங்கள் கோழிகளைப் பார்க்க வேண்டும்.

எஸ்., புது வண்ணாரப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். "நம்ம வீட்டுக் கதையை யாரோ எழுதியிருக்காங்க" என்றாள்.

நாங்கள் இருப்பது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த இடம் இது. காலெட் பேட்டை என்பதுதான் ஜனங்கள் வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆனது. நான் சொல்லப்போவதும் காலடியைப் பற்றித்தான் என்பதால் இதைச் சொல்கிறேன். எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடம், சமையலறை எல்லாம் தாண்டித்தான் கூண்டுக்கு வர முடியும். பக்கத்தில் ஒரு சந்து உண்டு. அதன் வழியாக வருகிறவர்கள் செருப்போடு நேரே கூண்டுக்கே வந்துவிடுவார்கள். எனக்கு வினை வந்தது அந்தச் சந்து வழியாகத்தான்.

ஆறு வருஷம் ஆகிறது. மாசி மாதம். அப்போது பதினான்கு உருப்படி வைத்திருந்தேன். அதில் ஒரு செவலைச் சேவல், பார்த்தவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். சண்டைச் சேவல் வளர்க்கிற ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். தொடையை அழுத்திப் பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், மூக்கைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார். முந்தின நாள்தான் ஏதோ ஊரில் சேவல் சண்டைக்குப் போய்விட்டு வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். டீ கொடுத்து அனுப்பினேன். ஐந்தாம் நாள் காலையில் ஒரு பெட்டை உடம்பைக் குறுக்கிக்கொண்டு மூலையில் நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். மறுநாள் இரண்டு. அடுத்த நாள் ஒன்று கழுத்து திருகிக்கொண்டு வானத்தையே பார்த்தது. ஒரு வாரத்தில் பதினொன்று போய்விட்டன. செவலையும் போயிற்று.

வெள்ளைக் கழிச்சல். ராணிகேத் என்று எங்கோ வடக்கே குமாவோன் மலையூரின் பெயரைச் சொல்வார்களே, அதுதான். வந்துவிட்டால் மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும். அந்த மனிதர்தான் கொண்டுவந்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கோழிகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தைப் போட்டுவிட்டு, எட்டாவது வாரம் போட வேண்டிய ஊசியை நாளை நாளை என்று தள்ளியவன் நான்தான். ஆனால் அவர் பல ஊர் சேவல்களைத் தொட்ட கையோடும், பல ஊர் எச்சத்தை மிதித்த செருப்போடும் வந்தார். அந்தக் கையைக் கழுவச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான்: குழந்தையை உள்ளே விடலாம், கோழிக்காரனை விடக்கூடாது. நாம் நேர்மாறாகத்தான் நடந்துகொள்கிறோம். குழந்தைகளை "தொடாதே, போ" என்று விரட்டுவோம். கோழி வைத்திருக்கிற ஆள் வந்தால், விஷயம் தெரிந்தவர் ஆயிற்றே என்று கூண்டுக்குள்ளேயே கூட்டிப்போவோம். கோழியே வளர்க்காத வீட்டுப் பிள்ளையால் உங்கள் கோழிக்கு அநேகமாக ஒன்றும் வராது.

அதனால் நாத்தனார் மகன் வரட்டும். அவனால் கோழிக்கு ஆபத்தில்லை, கோழியால் அவனுக்குத்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். கோழி எச்சத்தில் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், கோழி பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். குஞ்சை முகத்தில் வைத்துக் கொஞ்சக்கூடாது, போகும்போது சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். அடைக்கோழியை மட்டும் அவன் தொட வேண்டாம். இருபத்தொரு நாளும் அது நாளுக்கு ஒருமுறைதான் தின்று குடித்து வர எழுந்திருக்கும், அப்புறம் தவம்தான். பயந்து கூடையை விட்டு எழுந்துவிட்டால் முட்டை குளிர்ந்து போகும்.

செருப்பு விஷயத்தைச் சுலபமாக முடித்துவிடலாம். கூண்டுக் கதவுக்கு உள்பக்கம் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு போட்டு வையுங்கள். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், நீங்களே ஆனாலும், அதைத்தான் போட வேண்டும். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு வைத்து மிதிக்கச் சொல்கிறார்கள். நானும் வைத்துப் பார்த்தேன். அரை நாளில் மண்ணும் எச்சமும் சேர்ந்து குட்டையாகிவிடுகிறது. அப்புறம் அது மருந்து இல்லை, சேறு. சும்மா பார்க்க வருகிறவர்களுக்குக் கம்பி வலைக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். பாதிப் பேருக்கு வேண்டியது உட்கார்ந்து பேச ஓர் இடம்தான்.

சரி, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பதினொன்றையும் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்த அன்றைக்கு, யாரையும் பார்த்துப் பதில் சொல்லத் தெம்பில்லாமல், முருங்கைக்குப் பக்கத்து வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்துக் கூண்டுக் கதவில் கட்டினேன். அவ்வளவுதான். நம் பக்கத்து ஜனங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வேப்பிலையைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்னால் போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு, வந்த வழியே போனார்கள். காரணம் கேட்கவில்லை, கோபப்படவில்லை. அம்மை கண்ட வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பது யாரும் சொல்லித்தராமலே நமக்கெல்லாம் தெரியும். நோய் பரவாமல் தடுக்க இதைவிட நல்ல அறிவிப்புப் பலகை எனக்குத் தெரியாது. அம்மன் பேரில் பொய் சொல்வதா என்று மனைவி மூன்று நாள் பேசவில்லை. கோழிக்கும் அம்மை வரும், கொண்டையில் கொப்புளம் கொப்புளமாக வரும், ஆகவே முழுப் பொய் இல்லை என்று சமாளித்தேன். இப்போதும் குஞ்சு பொரித்திருக்கும் நாட்களில் கட்டுகிறேன். மற்ற நாட்களில் "அடை வச்சிருக்கேன்" என்றாலே போதும். பிள்ளை பெற்ற வீட்டைப் போல அதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

இரண்டு பேரை மட்டும் நான் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பெண் வயசுக்கு வந்திருக்கிறாள், நல்லெண்ணெயோடு கொடுக்க நாட்டுக்கோழி முட்டை வேண்டும் என்று வருகிறவர்கள். ஆடி மாதம் கோயிலுக்கு என்று கேட்டு வருகிறவர்கள். இருவருக்கும் கூண்டைக் காட்ட வேண்டியதில்லை, வாசலிலேயே கொடுத்துவிடலாம். சாதம் கொண்டுவரும் பாட்டிகளிடமும் பாத்திரத்தை வாசலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். புளித்துப் பூத்ததைக் கொட்டிவிடுங்கள். காசிமேட்டிலிருந்து மீன் கழிவு கொண்டுவந்து கொடுப்பவர்களும் உண்டு. கோழி ஆசையாகத் தின்னும், ஆனால் முட்டையில் கவிச்சி அடிக்கும்.

எல்லாரிலும் ஆபத்தான விருந்தாளி ஒன்று இருக்கிறது. பச்சை, ரோஸ் என்று சாயம் பூசின குஞ்சுகளைத் தெருமுனையில் கூடையில் வைத்து விற்பார்களே, அது. முட்டைக்கோழிப் பொரிப்பகத்தில் முதல் நாளே ஆண், பெண் பிரித்துவிடுவார்கள். ஆண் குஞ்சு முட்டை இடாது, கறிக்கும் தேறாது, அதனால் இப்படிச் சாயம் பூசித் தெருவுக்கு வரும். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குவார்கள். ஒரு வாரத்தில் வீடே பேஜாராகிவிடும். அப்புறம் "உங்க கோழியோட விட்டுக்கோங்க ஆன்ட்டி" என்று உங்கள் வாசலில் நிற்பார்கள். அழுத முகத்தைப் பார்த்து மறுக்க என்னாலும் முடியவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டின் இன்னொரு கோடியில் ஒரு மாதம் தனியாக வையுங்கள். தீவனம் வைக்கும்போது முதலில் உங்கள் கோழிகளுக்கு, கடைசியில்தான் அதற்கு.

ஒரே ஒரு முறை என் சட்டத்தை நானே மீறினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் முழங்கால் தண்ணீர். அக்கம்பக்கத்து மூன்று வீட்டுக் கோழிகளும் எங்கள் மொட்டைமாடிக்கு ஏறின. வெள்ளத்தில் வேப்பிலை காட்ட முடியுமா? தார்ப்பாய் கட்டி நான்கு மூலையில் நான்கு கூட்டமாகப் பிரித்து வைத்தோம். நல்லவேளை, எல்லாமே ஊசி போட்டவை.

ஊசி என்றதும் ஒரு சிக்கல். மருந்துக் குப்பி குறைந்தது நூறு கோழிக்கு வரும், கலக்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒன்பது கோழிக்காரி தனியாக வாங்கினால் வீண். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, பிப்ரவரி வாக்கில் நடக்கும் இலவச முகாமில் போட்டுவிடுங்கள். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கோழியைத் தூக்கிப்போனால், திரும்பி வந்ததும் அதையும் சில நாள் விருந்தாளியாகத் தனியே வையுங்கள்.

சேவல். எதிர்வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. இருட்டாக மூடி வைத்தால் கூவாது என்பார்கள். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் மங்கலான வெளிச்சத்திலேயே சேவல்களை வைத்துப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். விடியல் தெரியாமலே அவை நேரத்துக்குக் கூவின. கடிகாரம் அதன் உடம்புக்குள் இருக்கிறது. நீங்கள் சத்தத்தைத்தான் குறைக்க முடியும். ராத்திரி காற்று வருகிற தாழ்ந்த கூடையில், கழுத்தை முழுசாக நீட்ட முடியாதபடி வீட்டுக்குள் வையுங்கள். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சுக்குத்தான் தேவை. குஞ்சு போதும் என்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வந்து பார்க்கச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். கூப்பிடு தூரம்தான், ஆசையும் இருக்கிறது. வந்தால் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிறேன். பின்பக்கம் கூப்பிடாதீர்கள், நானும் கோழிக்காரன்தானே.